கண்ணில் விடும் சொட்டு மூச்சு வாங்க வைக்குமா?

கேள்வி: என் உம்மாவுக்கு வயது 63. இளவயதிலிருந்தே இளைப்பு உண்டு, இன்ஹேலர் எடுக்கிறார். ஆறு வாரம் முன்பு கண் அழுத்தம் 30 இருக்கிறது என்று சொல்லி இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்று காலை மாலை, இன்னொன்று இரவு மட்டும். கூடவே டயமாக்ஸ் மாத்திரை. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்ஹேலரும் முன்போலக் கேட்கவில்லை. விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருக்கிறதாம். "கண்ணுல ஊத்துறதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். சொட்டை நிறுத்திவிடலாமா? ரமலான் வேறு வருகிறது.

பதில்:

சம்பந்தம் உண்டு, தம்பி. பாட்டிலை எடுங்கள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். காலை மாலை போடும் பாட்டிலில் டைமோலால் என்று இருந்தால், அடுத்த சொட்டு போடும் முன்பே கண் மருத்துவரைக் கூப்பிட்டு "உம்மாவுக்கு இளைப்பு உண்டு, இதைப் போட்ட பிறகு கூடியிருக்கிறது" என்று சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் இளைப்புக்குப் பார்க்கும் மருத்துவரிடம் பாட்டிலோடு இன்றைக்கே போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுகிறது, பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 108-ஐக் கூப்பிட்டாலும் சரி. பாட்டில் கையில் இருக்கட்டும்.

இரவுச் சொட்டையும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கண் மருந்துகளை எடுத்துக் கொடுத்தே 26 ஆண்டுகள் ஓட்டிய மருந்தாளுநர். உம்மாவைப் பரிசோதித்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். மருந்து பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

டைமோலால் அமெரிக்காவில் 1978-இல் கண்ணுக்காக அனுமதி பெற்ற மருந்து. பிரஷருக்கும் நெஞ்சுக்கும் கொடுக்கும் அட்டெனலால், புரோப்ரனலால் மாத்திரைகளின் சொந்தக்காரன். பீட்டா பிளாக்கர் என்பது குடும்பப் பெயர். கண்ணுக்குள் நீர் சுரப்பதை இது குறைக்கிறது, அதனால் அழுத்தம் இறங்குகிறது. நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் இது கண்ணோடு நிற்பதில்லை. அழும்போது மூக்கு ஒழுகுகிறதல்லவா? கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சிறு துளை இருக்கிறது, அங்கிருந்து மூக்குக்குள் ஒரு குழாய் போகிறது. அந்த வழியாகத்தான் சொட்டு மருந்தும் இறங்குகிறது. மூக்கின் உள்சவ்வு அதை உறிஞ்சி நேராக ரத்தத்தில் விட்டுவிடுகிறது.

0.5 சதவீத டைமோலால் ஒரு சொட்டில் 0.2 மில்லிகிராம் அளவுக்குத்தான் மருந்து இருக்கும். "இத்தனூண்டா?" என்று தோன்றும். மாத்திரையாக விழுங்கினால் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும், அது கணிசமான பகுதியைச் சிதைத்துவிட்டுத்தான் மீதியை உடம்புக்கு அனுப்பும். மூக்கு வழியே போவதற்கு அந்தச் சோதனைச் சாவடி கிடையாது. அதனால் அளவு சிறிதானாலும் வேலை பெரிது. மூச்சுக்குழாய் சுருங்கலாம், நாடித்துடிப்பு இறங்கலாம். உம்மாவின் இன்ஹேலரில் சால்பியூட்டமால் இருந்தால், அது மூச்சுக்குழாயில் எந்தப் பூட்டைத் திறக்கிறதோ அதே பூட்டைத்தான் டைமோலால் அடைத்து வைக்கிறது. இன்ஹேலர் முன்போலக் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உறைத்தது இதுதான். இளைப்பு கூட வேறு காரணங்களும் இருக்கலாம், பருவநிலையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆஸ்துமா, அதாவது இந்த இளைப்பு நோய், உள்ளவர்களுக்கு டைமோலால் கூடாது என்று மருந்துத் தாளிலேயே இருக்கிறது. அதனால் சந்தேகம் தீரும்வரை இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மருத்துவர் இளைப்பு பற்றிக் கேட்கவில்லையா, கேட்டும் உம்மா சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. "கண்ணைக் காட்ட வந்தேன், இதை எதுக்குச் சொல்லணும்" என்று இருந்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் மாமனாருக்குத் தலைசுற்றல், நாடி 44. நெஞ்சு மருத்துவரிடம் எல்லா மாத்திரைகளையும் காட்டினார், கண் சொட்டைக் காட்டவில்லை. "அது மருந்துச் சீட்டுல சேருமா மாப்பிள்ளை?" என்று பிறகு என்னிடமே கேட்டார். மருந்தாளுநரை மருமகனாக வைத்துக்கொண்டு! அதே பீட்டா பிளாக்கர் குடும்பத்து மெட்டோபிரலால் மாத்திரையும் டைமோலால் சொட்டும் சேர்ந்து நாடியைக் கீழே இழுத்திருக்கின்றன. சொட்டை மாற்றிய சில நாட்களில் நாடி அறுபதைத் தாண்டியது.

இதில் இன்னொரு கண்ணி. டைமோலால் தனியாக மட்டும் வருவதில்லை. பிரிமோனிடினோடு, டோர்சோலமைடோடு, லட்டானோபிராஸ்ட்டோடு, பைமாட்டோபிராஸ்ட்டோடு, டிராவோபிராஸ்ட்டோடு கலந்து ஒரே பாட்டிலில் வரும். ஒரு மருத்துவர் ஒரு கலவையும், ஊர் மாறிப் பார்த்த இன்னொருவர் வேறு கலவையும் எழுதி, ஒருவர் தினமும் இரண்டு பாட்டிலிலும் டைமோலால் போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டின் கம்பெனிப் பெயருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. உம்மாவின் இரவுச் சொட்டு பாட்டிலிலும் இந்தப் பெயர் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுகருக்கு மருந்து எடுப்பவர்களாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சர்க்கரை திடீரென இறங்கும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

மருத்துவர் டைமோலாலை நிறுத்தினால் உம்மாவின் கண்ணைக் காப்பாற்ற வழியில்லாமல் போய்விடாது. பீட்டா பிளாக்கர் குடும்பத்தைச் சேராத சொட்டுகள் பல இருக்கின்றன. லேசர் சிகிச்சையும் உண்டு. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபடாமல் இருக்கும் திறந்த கோண வகையாக இருந்தால், முதலிலேயே லேசர் செய்வது சொட்டுக்குச் சளைத்ததல்ல என்று 2019-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. "லேசர் இவருக்குப் பொருந்துமா?" என்று கேட்டு வாருங்கள்.

எந்தச் சொட்டாக இருந்தாலும் போடும் முறைதான் பாதி பாதுகாப்பு. கையைக் கழுவிவிட்டு, உட்கார்ந்தோ படுத்தோ, முகத்தை மேலே தூக்கி, கீழ் இமையை இழுத்தால் ஒரு சின்னப் பை போல விரியும். அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் நுனி இமையிலோ முடியிலோ படக்கூடாது, பட்டால் கிருமி உள்ளே போய் அடுத்த ஒரு மாதமும் அதையே கண்ணில் விட்டுக்கொண்டிருப்போம். இரண்டு மூன்று சொட்டு விட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சொட்டு ஏறக்குறைய 40 மைக்ரோலிட்டர், இமைப் பையில் 30-க்கு மேல் தங்காது. முதல் சொட்டிலேயே கொஞ்சம் வழிந்துவிடுகிறது. இரண்டாவது சொட்டு முழுக்கக் கன்னத்துக்கும் மூக்குக்கும்தான்.

சொட்டு விழுந்ததும் கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள். இறுக்கிச் சிமிட்டக் கூடாது, சிமிட்டினால் அந்தக் குழாய் பம்பு போல மருந்தை இழுத்துக்கொள்ளும். மூடிய கண்ணின் மூக்கோர மூலையில், எலும்பு தட்டுப்படும் இடத்தில், ஆள்காட்டி விரலை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. மூக்கு வழியே ரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு பாதிக்கும் கீழே வந்துவிடும், கண்ணிலும் மருந்து கூட நேரம் நிற்கும். காசு செலவில்லாத இந்த இரண்டு நிமிடத்தை மருந்து கொடுக்கும் இடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். கூட்டம் அப்படி. நானும் அவசரத்தில் சொல்லாமல் அனுப்பிய நாட்கள் உண்டு. ஆனால் இதைச் செய்வதால் இளைப்பு உள்ளவருக்கு டைமோலால் பாதுகாப்பாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வகைச் சொட்டு ஒரே வேளையில் வந்தால் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி, பத்து என்றால் நல்லது. உடனே அடுத்ததை விட்டால் முதல் மருந்தை அது கழுவிவிடும். பிரின்சோலமைடு போல வண்டலாக இருக்கும் மருந்தை நன்றாகக் குலுக்க வேண்டும். கை நடுங்குகிறவர்கள் பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் மல்லாந்து படுத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் சொட்டை விட்டுப் பிறகு கண்ணைத் திறந்தால் உள்ளே வழிந்துவிடும்.

இரவுச் சொட்டு லட்டானோபிராஸ்ட் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இது கண்ணுக்குள் நீர் வெளியேறும் வழியைத் தளர்த்துகிறது. நாளுக்கு ஒரு முறைதான். அழுத்தம் சீக்கிரம் குறையட்டும் என்று இரண்டு முறை போட்டால் பலன் கூடாது, குறையவே செய்யும். நெஞ்சுக்கும் மூச்சுக்கும் பொதுவாக இது தொந்தரவு செய்வதில்லை. கண் கொஞ்சம் சிவக்கும், இமை முடி நீண்டு அடர்த்தியாகும், இமையைச் சுற்றித் தோல் கறுக்கும். வழிந்ததை உடனே துடைத்துவிட்டால் கறுப்பது குறையும். நிறுத்தினால் தோல் கறுப்பு மெல்லப் போய்விடும். ஆனால் கருவிழி வளையத்தின் நிறம் மாறினால் அது மாறியதுதான். நம்மில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே அடர்ந்த பழுப்பு நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே கண்ணில் மட்டும் போடுபவர்களுக்கு இரண்டு கண்ணும் வேறுவேறாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து வருவார்கள்.

இந்த மருந்துக்கு வெயில் ஆகாது. திறக்காத பாட்டில் பொதுவாக ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரி வரை ஆறு வாரம் தாங்கும் என்று பல பாட்டில்களில் இருக்கும், சில கம்பெனி மருந்துகள் வெளியே வைக்கும்படி தயாரிக்கப்பட்டவை, லேபிளைப் பாருங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் 25 டிகிரி அறை எங்கே இருக்கிறது? ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வைக்க வேண்டாம். மருந்துக் கடைக்காரர் எங்கிருந்து எடுத்துத் தருகிறார் என்பதையும் கவனியுங்கள். பைக் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றாதீர்கள். மற்ற சொட்டுகளைத் திறந்தால் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மாதம்தான் ஆயுள், மீதி இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். திறந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதிவிடுவது என் பழக்கம். வீட்டில் பேரப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். குறிப்பாக பிரிமோனிடின். குழந்தை வாயில் ஊற்றிக்கொண்டால் மயங்கி மூச்சே மந்தமாகிவிடும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கண்ணில்கூட அதைப் போடுவதில்லை.

விரல் மதமதப்பு டயமாக்ஸ் செய்கிற வேலை. அசெட்டசோலமைடு என்பது அதன் மருந்துப் பெயர். விரல், உதடு, பாதம் ஊசி குத்துவது போல இருக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வைக்கும், உடம்பு அசதியாக இருக்கும். கோலி சோடா குடித்தால் வாயில் உலோக வாடை அடிக்கும். இவை எரிச்சலூட்டுமே தவிர, பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் மூன்று விஷயங்களை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்: சிறுநீரகக் கோளாறோ கல்லோ இருந்தால், சல்ஃபா மருந்து எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், ஆஸ்பிரின் எடுத்தால். உடம்பில் பொட்டாசியம் குறையும் என்பதால் சிலருக்குச் சிரப் எழுதித் தருவார்கள். வாழைப்பழமும் இளநீரும் போதுமே என்பார்கள், சிறுநீரகம் பழுதானவருக்கு அதுவே வினையாகும். கேட்காமல் செய்யாதீர்கள். காய்ச்சலோடு தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல் என்று சேர்ந்து வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அபூர்வம், ஆனால் உயிருக்கே ஆபத்தானது. இந்த மாத்திரையைப் பலருக்கும் கொஞ்ச நாளுக்குத்தான் கொடுப்பார்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உம்மாவுக்கு இளைப்பு என்பதால் இன்னொன்று. மூச்சுத் திணறலுக்கு நெபுலைசர் வைக்கும்போது அதில் இப்ராட்ரோபியம் என்ற மருந்தும் சேரும். முகமூடி தளர்வாக இருந்து புகை கண்ணில் பட்டால், குறுகிய கோணம் உள்ளவர்களுக்குக் கண் அழுத்தம் சட்டென்று ஏறலாம். முகமூடி மூக்கோடு படியட்டும், "கண் அழுத்தம் இருக்கிறது" என்று செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறார் என்றால் கண் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பயந்து அதை நிறுத்தவே கூடாது. நிறுத்த வேண்டியது வேறு ஒன்று. கண் அரிக்கிறது, சிவந்திருக்கிறது என்று கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சொட்டு. டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களில் ஒன்று அதில் இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டதும் அரிப்பு அற்புதமாகப் போகும், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாக ஏறும். மருத்துவர் தெரிந்தே கொடுத்தால் அது வேறு, அவர் அளந்து பார்ப்பார். கடைக்காரர் அளக்க மாட்டார்.

மற்ற மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றேன். காரணம், அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் தெரியாது. வலிக்காது, சிவக்காது, ஓரப் பார்வை நூலிழை நூலிழையாகப் போகும். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் உம்மாவுக்கு 30. கண் நரம்பில் செத்த இழை திரும்பாது. "ஒரு மாசமா ஊத்துறேன், பார்வை ஒண்ணும் தெளியலையே" என்று நிறுத்தியவர்கள்தான் அதிகம். தெளிய வைக்கும் மருந்தில்லை இது, மிச்சமிருப்பதைக் காக்கும் மருந்து. கண்புரை ஆபரேஷன் போல மறுநாள் வெளிச்சம் வராது. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், சேர்த்துப் போட வேண்டாம். பரிசோதனைக்குப் போகும் நாளிலும் வழக்கம்போலப் போட்டுவிட்டே போங்கள், மருந்து கேட்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அளக்கிறார்கள். கண் கடுமையாக வலித்து, தலை இடித்து, வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அது இரவே பார்க்க வேண்டியது.

இனி ரமலான். கண்ணில் விடும் சொட்டு நோன்பை முறிக்காது என்பது ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின், அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளின், கருத்து. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்ட (ஃபிக்ஹ்) அகாடமியும் அப்படித்தான் முடிவு சொன்னது. மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை, உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) உம்மாவே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும், அப்போதுதான் அவருக்கு மனசு ஆறும். மனசு ஒப்பவில்லை என்றாலும் வழி இருக்கிறது. இரவுச் சொட்டுக்குச் சிக்கலே இல்லை. இரண்டு வேளைச் சொட்டை விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவுக்கு முன்பும் நோன்பு திறந்த பிறகும் போட்டால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர இடைவெளி தானாகவே வந்துவிடும். மாத்திரைதான் யோசிக்க வேண்டியது. விழுங்கினால் நோன்பு முறியும் என்பது ஒரு பக்கம், டயமாக்ஸ் நீரை வெளியேற்றும் மருந்து என்பதால் பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருப்பது சிறுநீரகத்துக்கு நல்லதில்லை என்பது இன்னொரு பக்கம். ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டுவிடுங்கள்.

நோன்பு நேரத்தில் பலர் சொட்டைத் தவிர்ப்பது தொண்டையில் கசப்பு இறங்குகிறதே என்ற சங்கடத்தால்தான். அந்தக் கசப்பும் மூக்கோரக் குழாய் வழியேதான் வருகிறது. மூலையில் விரலை வைத்து இரண்டு நிமிடம் அழுத்தினால் அதுவும் பெரிதும் குறைந்துவிடும் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்.